பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு சாந்திப் பந்தி: எப்படிச் சமாளிப்பது?

கானாடுகாத்தான் பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். போன தையில் மதுரையில் எனக்கு எடை குறைக்கும் ஆபரேஷன், கேஸ்ட்ரிக் பைபாஸ், நடந்தது. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. வீட்டில் என் சாப்பாடும் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது: காலையில் அவித்த முட்டை, மத்தியானம் முள் எடுத்த மீன், பருப்பு மசியல், எல்லாமே சின்னக் கிண்ணத்தில். சோறுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது, அதனால் அதை விட்டுவிட்டேன்.

கவலை வெளியில்தான். ஆவணியில் காரைக்குடியில் அம்மானுக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம் மாதிரி வயது நிறைவுக்குச் செய்யும் விசேஷம். பலகாரம் என்றால் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி எல்லாம் வரும். நம் பக்கம் இலையில் மிச்சம் வைத்தால் பரிமாறினவர் மனசு சங்கடப்படும். "என்னத்தா கொறிக்கிற" என்று கேட்டுக்கொண்டே இன்னொன்று வைப்பார்கள். போன மாதம் ஒரு வீட்டில் அயித்தை வற்புறுத்திப் பால் பணியாரம் சாப்பிட வைத்தார். அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிரட்டல். வளவுத் திண்ணையிலேயே படுத்துவிட்டேன். உடனே "இதுக்குத்தான் ஆபரேஷன் வேண்டாம்னோம்" என்று பேச்சு. படபடப்பைவிட அதுதான் வலித்தது. என் உடம்புக்காக நான் யோசித்து எடுத்த முடிவு அது. அதைச் சபையில் வைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

இப்போது முடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை அண்ணன்:
தங்கச்சி, எனக்கும் பைபாஸ்தான், சில வருஷம் ஆகிவிட்டது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு வந்தது டம்பிங். பைபாஸில் சாப்பாடு சீக்கிரமே சிறுகுடலுக்கு இறங்கிவிடும். இனிப்பு மொத்தமாகப் போய் விழும்போது உடம்பிலுள்ள தண்ணீரைக் குடல் பக்கம் இழுக்கிறது. அதில்தான் அந்தப் படபடப்பு. சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி நடுக்கமும் வரும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். கந்தரப்பம், கவுனி, பால் பணியாரம் மூன்றையும் இலைக்கே வர விடாதீர்கள். வெள்ளைப் பணியாரத்தில் இனிப்பு இல்லை, ஆனால் எண்ணெயில் பொரித்தது. ஓரத்தைப் பிய்த்து நன்றாக மென்று பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பந்திக்கு நான் கண்ட வழி, உட்காராமல் பந்தி விசாரிப்பது. அம்மான் வீட்டு விசேஷத்தில் உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. "துவையல் வந்துச்சா, அங்க பணியாரம் வைங்க" என்று நடந்துகொண்டே இருங்கள். யாராவது கேட்டால் "அடுத்த பந்தி" என்றால் போதும், விட்டுவிடுவார்கள். அதற்கு முன்பே வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டுக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோனதை நிதானமாகச் சாப்பிட்டுவிடுங்கள். நின்றுகொண்டு அவசரமாக விழுங்கினால் கட்டாயம் அடைக்கும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், முடித்து அரை மணி கழித்து மடக்கு மடக்காகக் குடியுங்கள். விசேஷ வீட்டு அலைச்சலில் தண்ணீர்தான் முதலில் மறந்துபோகும். பாட்டில் கையிலேயே இருக்கட்டும்.

புதுவயல் ஆச்சி:
என் மகளும் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவள். பொண்ணு, அயித்தைமார் பிரியத்தில்தான் வைக்கிறார்கள். பத்துப் பேருக்கு நீ விளக்கம் சொல்ல வேண்டாம். அம்மான் வீட்டில் சொல் எடுபடும் மூத்தவர் ஒருவரிடம், முதல் நாளே "டாக்டர் இனிப்பைத் தடுத்திருக்கார்" என்று மட்டும் சொல்லி வை. "அவளுக்கு வைக்காதீக" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் யாரும் மேற்கொண்டு வைக்க மாட்டார்கள்.

முடிக்குப் பயப்படாதே. மூன்றாம் மாதத்துக்கு மேல் கொட்டுவது நிறையப் பேருக்கு உண்டு, பெரும்பாலும் திரும்ப வளரும். புரதம் போதுகிறதா என்று பார். பொதுவாக நாளைக்கு 60 முதல் 80 கிராம் சொல்வார்கள், ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம் அளவுதான். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சேர்த்துப் போடக் கூடாது, 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பைக் காபியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. பி12 ஆயுசுக்கும் தேவை. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. அப்புறம், ஆடி மாசம், உளுந்துதானே என்று யாராவது கும்மாயம் கொடுப்பார்கள். அதில் வெல்லமும் நெய்யும் இருக்கிறது, வாங்காதே.

தேவகோட்டை அண்ணன்:
ஆச்சி சொன்னதோடு ஒன்று. விசேஷ அலைச்சலில் கால் வலித்தால் கடையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அதனால் புண் வரலாம். எந்த மாத்திரை போடலாம் என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் பொண்ணு:
அண்ணே, ஆச்சி, ரொம்ப நன்றி. இரும்பு மாத்திரையைக் காலைக் காபியோடுதான் போட்டுக்கொண்டிருந்தேன், நேரம் மாற்றுகிறேன். பெரிய அம்மான் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள், இன்று ராத்திரியே அவருக்குப் போன் போடுகிறேன். பந்தி விசாரிக்க எனக்கு ஆசைதான். அண்ணே, பலகாரப் பந்தி காலையிலேயே தொடங்கிவிடும், அந்த நேரத்துக்கு வீட்டிலிருந்து நீங்கள் என்ன கொண்டுபோவீர்கள்?

தேவகோட்டை அண்ணன்:
அவித்த முட்டையை மசித்து உப்பும் மிளகும் போட்டு ஒரு டப்பாவில், அப்புறம் புளிக்காத கெட்டித் தயிர் கொஞ்சம். விசேஷ வீட்டில் முட்டை வேண்டாம் என்றால் பனீரை உதிர்த்துக் கொண்டுபோங்கள்.