குனிய முடியாத அத்தைக்கு மேட்டுப்பாத்தி: எவ்வளவு உயரம் வைக்கணும்?

தளிர்க்கொடி: அவசரம். அத்தைக்கு 76 வயசு, குனிய முடியல. காய்கறித் தோட்டம் முழுக்க மேட்டுப்பாத்தியா, அதாவது சுத்திச் சுவர் வெச்சு உள்ளே மண் நிரப்பின பாத்தியா, மாத்தப் போறோம். 8க்கு 4 அடி, 2 அடி உயரம் சரியா? நாளைக்கு வேலைக்கு ஆள் வர்றாங்க.

களைக்கொத்தி: தரையா, மொட்டை மாடியா? அந்த அளவுக்கு 64 கன அடி மண் பிடிக்கும். நனைஞ்சா 3 டன் கிட்ட வரும். மாடின்னா இப்பவே நிறுத்துங்க.

மண்புழு: முட்டியா, இடுப்பா? நின்னு வேலை செய்வாங்களா, உட்கார்ந்தா? வாக்கர் உண்டா?

பழைய வேலி: எத்தனை முறை எழுதியாச்சு, அளந்துட்டு வந்து கேளுங்கன்னு. 4 அடி அகலம் ரெண்டு பக்கமும் நடக்க இடம் இருந்தா மட்டும்தான். சுவரோரம்னா 2 அடிக்கு மேல கை எட்டாது. நடைபாதை 3 அடி. தகரத்துல கட்டினா 8 அடிக்கு நடுவுல ஒரு குறுக்குக் கம்பி போடணும். இல்லேன்னா ஈர மண் தள்ளி, பக்கம் வயிறு மாதிரி புடைக்கும்.

தளிர்க்கொடி: தரைதான். முட்டி வலி. நிக்க முடியும், ஆனா ரொம்ப நேரம் ஆகாது, ஸ்டூல் வேணும்.

மண்புழு: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். 2 அடி உயரப் பாத்தியை ஒட்டி ஸ்டூல் போட்டா, பாத்திச் சுவர்ல முட்டி இடிக்கும். பக்கவாட்டுல உட்கார்ந்து இடுப்பைத் திருகித்தான் களை எடுக்கணும், சீக்கிரமே இடுப்பு பிடிச்சுக்கும். கீரைக்கு மட்டும் கால் உள்ளே நுழையிற மாதிரி மேசைப் பாத்தி ஒண்ணு செய்யுங்க. 6 அங்குல மண் போதும். அத்தையை உட்கார வெச்சு அளங்க: மண் மட்டம் முழங்கையைத் தாண்டினா தோள் வலிக்கும். ஆழம் கம்மி, சீக்கிரம் காயும், வெயில் காலத்துல ரெண்டு வேளை தண்ணி.

களைக்கொத்தி: எல்லாத்தையும் மேல ஏத்தாதீங்க. வெண்டை 5 அடி வளரும். 2 அடி மேட்டுல வெச்சா காய் தலைக்கு மேல போயிடும். தரையிலயே இருந்தா நின்னபடியே பறிக்கலாம். மேட்டுல கத்தரி, மிளகாய், முள்ளங்கி. பாகலுக்குத் தலைக்கு மேல பந்தல் வேண்டாம், அண்ணாந்து பார்த்தா தலை சுத்தும். சாய்வா கொடி கட்டி, தரையிலிருந்து 5 அடியில நிறுத்திடுங்க.

உரக்குழி: அடியில 1 அடிக்கு மரக்கட்டை, காய்ஞ்ச இலை போட்டா மண் செலவு பாதி.

பழைய வேலி: தப்பு. கட்டை மக்க மக்க மண் இறங்கும், சுவர் இறங்காது. அப்புறம் சுவருக்கு மேல வளைஞ்சு உள்ளே கையை விடணும். எதைத் தவிர்க்கக் கட்டினோமோ அதே குனிதல்தான். கரையான் வேற.

உரக்குழி: பாதி மக்கின கட்டை போட்டா அவ்வளவு இறங்காது. வருஷம் ஒரு தடவை மேல எரு போட்டு நிரப்பினா தீர்ந்தது.

பழைய வேலி: அந்த எருவை யார் தூக்குவாங்க, 76 வயசு அத்தையா? பச்சைக் கட்டைன்னா மண்ணுல இருக்கிற தழைச்சத்தையும் (நைட்ரஜன்) இழுக்கும்.

உரக்குழி: கட்டையை ஒட்டின மண்ணுல மட்டும். மேல 1 அடி மண்ணுல இருக்கிற வேருக்கு ஒண்ணும் ஆகாது.

மண்புழு: சண்டையை விடுங்க. தண்ணியைப் பத்தி யாரும் கேட்கலையே? 10 லிட்டர் பூவாளி 10 கிலோ, அத்தையால தூக்க முடியாது. தொட்டியிலிருந்து சொட்டுநீர்னா, 1 மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான். அழுத்தம் சீராக்குற சொட்டுவான் (குழாயில தண்ணி சொட்டுற முனை) அதுல வேலை செய்யாது, சாதா சொட்டுவான் வாங்குங்க. வடிகட்டி கட்டாயம்.

தளிர்க்கொடி: நன்றி. மேட்டுப்பாத்தி ஒண்ணு, கீரைக்கு மேசை ஒண்ணு. கட்டை போடல. வெண்டையைத் தொட வேண்டாம்னு அத்தையே சொல்லிட்டாங்க.