ஷேர் மார்க்கெட் விழுந்து ஏறுன மாதிரி கிரிப்டோவும் ஏறும்ங்கிறாரு சித்தப்பா, என்ன சொல்றது?

கேள்வி:
சித்தப்பா ஏதோ டெலிகிராம் குரூப்ல சேர்ந்து, ரிட்டையர்மென்ட் பணத்துல பாதிய ஒரு புது காயின்ல போடப் போறேன்னு நிக்கிறாரு. மாசம் 10% கேரன்டியாம். வேணாம்னா, "2020ல ஷேர் மார்க்கெட் விழல? திரும்ப ஏறல?"ன்னு கேக்குறாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல, சித்தி வேற அழுவுறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
ரெண்டும் ஒண்ணு இல்லங்க. 2020 மார்ச் 23 அன்னைக்கு சென்செக்ஸ் ஒரே நாள்ல 13% விழுந்து, லோயர் சர்க்யூட்ங்கிற சரிவு எல்லைய தொட்டதால 45 நிமிஷம் டிரேடிங்கயே நிறுத்துனாங்க. ஆனா கம்பெனிங்க இருந்துச்சு, வாங்குன ஷேர் அவங்கவங்க டீமேட் அக்கவுண்ட்ல இருந்துச்சு, அதே நவம்பர்ல பழைய உச்சத்தையும் தாண்டிருச்சு. லூனான்னு ஒரு கிரிப்டோ காயின் இருந்துச்சு, அது அப்படியா? அதோட ஜோடிக் காயின் டெர்ரா யூஎஸ்டி எப்பவும் ஒரு டாலர்ல நிக்கும்னாங்க, விலை இறங்குனா லூனாவ புதுசா அச்சடிச்சு சரிக்கட்டுறது தான் அதோட ஏற்பாடே. வருஷம் கிட்டத்தட்ட 20% வட்டின்னு ஜனம் கொண்டுபோய் கொட்டுச்சு, 2022 மே மாசம் எல்லாரும் ஒரே நேரத்துல வெளிய ஓட, அச்சடிச்சு அச்சடிச்சு 80 டாலர் லூனா ஒரு வாரத்துக்குள்ள ஒரு சென்டுக்கும் கீழ போயிருச்சு. வருஷம் 20% குடுத்ததே தாங்கல, இவங்க மாசம் 10% எங்கேர்ந்து குடுப்பாங்கன்னு கேளுங்க.

பதில் 2:
லூனாவாச்சும் நிஜமாவே டிரேட் ஆன காயின். ஒன்காயின்னு ஒண்ணு, பல்கேரியாவுல ருஜா இக்னடோவான்னு ஒரு அம்மா ஆரம்பிச்சது, காயின் கணக்க எழுதி வைக்கிற பொதுப் பதிவேடு, அதான் பிளாக்செயின், அதுவே உருப்படியா கிடையாது, விலைய கம்பெனியே ஏத்தி ஏத்தி ஸ்கிரீன்ல காட்டுச்சு. ஆள் சேத்தா கமிஷன். 400 கோடி டாலர் போச்சு, அந்தம்மா 2017ல தலைமறைவு, இன்னும் சிக்கல. சித்தப்பா காயினோட விலைய யாரு முடிவு பண்றாங்கன்னு மொதல்ல பாருங்க.

பதில் 3:
"கொஞ்சம் போட்டு எடுத்துப் பாருங்க"ன்னு அட்மின் சொல்லுவான், நம்பாதீங்க. சின்னத் தொகைய ஒழுங்கா குடுப்பானுங்க, பெருசா போட்ட பிறகு எடுக்கப் போனா டாக்ஸ் கட்டு, பீஸ் கட்டுன்னு மேல மேல கறப்பானுங்க. நம்ம ஊர்ல கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி நிஜம், ஆனா அத வருமான வரித்துறைக்கு கட்டணும், இவனுங்க அக்கவுண்டுக்கு இல்ல. ஏற்கனவே பணம் அனுப்பியிருந்தா இன்னைக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, லேட் பண்ணப் பண்ண பணத்த முடக்குறது கஷ்டம்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. இன்னும் அனுப்பலன்னு தான் சொல்றாரு, பாஸ்புக்க சித்திய பாக்கச் சொல்லியிருக்கேன்.