உயிரோடு இருக்கும்போதே கொடுப்பதா, உயிலில் எழுதி வைப்பதா?

தலவாக்கலைத் தம்பி: எங்கள் சபைப் பெரியவர் ஒருவர், கைக்கு வந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் ஒரு பங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் ஏஎல் (உயர்தர) படிப்புக்குக் கொடுத்துவிட்டார். "உயில் எழுதி வைத்திருக்கலாமே" என்று சிலருக்கு மனத்தாங்கல். அவர் கண்மூடும்வரை அந்தப் பிள்ளையின் பரீட்சை காத்திருக்குமா? கையில் இருக்கும்போது 'நாளைக்கு வா' என்று அயலானிடம் சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 3:28.

ஹட்டன் அக்கா: தம்பி, பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதில் வரும் அந்தப் பணம் ஒரே தடவைதான். மாதப் பென்ஷன் கிடையாது. பலருக்குக் குடியிருக்கும் லயக் காம்பராவும் (தோட்டத்து வரிசை வீட்டு அறை) சொந்தப் பேரில் இல்லை. செத்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் மரணாதாரச் சங்கம் இருக்கிறது. மலையேறித் தேய்ந்த முழங்காலோடு படுத்துவிட்டால் யார் இருக்கிறார்? சொந்த வீட்டாரைக் கவனிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறதே.

பண்டாரவளை மாஸ்டர்: ஆதிச் சபையின் பர்னபா நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தது உயிரோடு இருக்கும்போதுதான். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கி 1791இல் இறந்த ஜான் வெஸ்லி, 10 பவுணை விட்டுச் செத்தால் தன்னைத் திருடன் என்று சொல்லுங்கள் என்றே எழுதியிருக்கிறார்.

ஹட்டன் அக்கா: மாஸ்டர், வெஸ்லிக்குப் பிள்ளைகள் இல்லை. மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகவேண்டும் என்று நான் சொல்லவில்லை என்கிறார் பவுல். 2 கொரிந்தியர் 8:13.

தலவாக்கலைத் தம்பி: அக்கா, அதே அதிகாரத்தின் தொடக்கத்தையும் பாருங்கள். கொடிய தரித்திரத்திலும் அள்ளிக் கொடுத்த மக்கெதோனியாக்காரரைத்தான் அவர் மெச்சுகிறார். எங்கள் ஆச்சி தினமும் உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துப் பழைய பால்மா டின்னில் போடுவார். கொழுந்து குறைந்து, சம்பளம் வெட்டுப்பட்ட மாதத்திலும் அந்தப் பிடி குறையாது. ஞாயிற்றுக்கிழமை அது பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்விடும். எழுதி வைக்க அவரிடம் சொத்து என்று எதுவும் இல்லை. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் உயிரோடு கொடுத்தால்தான் உண்டு.

ஹட்டன் அக்கா: பிடியரிசி மறுநாளும் எடுக்கலாம். ஈபிஎஃப் மறுபடி வராது. சரி, அவர் நோயில் விழுந்தால் மருந்துச் செலவு சபையுடையது என்று உங்கள் கமிட்டி எழுதித் தருமா?

தலவாக்கலைத் தம்பி: நியாயமான கேள்வி. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடுகிறது. நானே எழுந்து கேட்கிறேன். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே போடுகிறேன்.