நம்ம வீட்டு குரூப்: வெளிநாடு போய் இறங்கின மூணாவது நாள்

நான்: யாராவது இருக்கீங்களா? வீட்டு ஓனருக்கு அட்வான்ஸ் இன்னிக்குள்ள அனுப்பணும். பேங்க் ஆப்ல எல்லாம் போட்டுட்டேன், ஓடிபி மட்டும் வரவே இல்ல. மூணு தடவை கேட்டுப் பாத்துட்டேன். இப்ப அரை மணி நேரம் கழிச்சு வான்னு சொல்லுது.

அம்மா: தூங்குனியா கண்ணு?

அக்கா: பழைய சிம் எங்கடி?

நான்: பர்ஸ்ல இருக்குக்கா. இங்க வாங்கின சிம்மைப் போட்டுட்டேன்.

அக்கா: அதான். பேங்க்ல குடுத்த நம்பருக்குத்தானே மெசேஜ் போகும்! உன் போன் இ-சிம் எடுக்கும்ல, கார்டு இல்லாம போன்லயே பதியுற சிம்? அந்த ஊர் நம்பரை இ-சிம்மா மாத்திக் குடுக்கச் சொல்லு. பழைய சிம் எப்பவும் போனுக்குள்ளேயே இருக்கட்டும். டேட்டா ரோமிங்கை, அதாவது வெளிநாட்டுல அந்த சிம்ல நெட் ஓடுறதை மட்டும் அணைச்சு வை, இல்லேன்னா பில் எகிறிடும்.

நான்: இப்பத்திக்கு பழசைப் போட்டுப் பாத்தேன். சிக்னலே காட்டல.

அத்தான்: கிளம்புறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ரோமிங், அதான் நம்ம சிம் வெளிநாட்டுலயும் வேலை செய்யுற வசதி, ஆன் பண்ணினியா பாப்பா?

நான்: இல்ல அத்தான். ஊரை விட்டுப் போறோமே, அந்த நம்பர் எதுக்குன்னு விட்டுட்டேன்.

அத்தான்: வைஃபைல அந்த சிம் கம்பெனியோட ஆப்புக்குள்ள போய் ரோமிங்கை ஆன் பண்ணு. அப்புறம் போனை அணைச்சுப் போடு. இன்னொண்ணு, ரீசார்ஜ் பண்ணாம ரொம்ப நாள் விட்டா நம்பரை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. காலண்டர்ல ரிமைண்டர் வை. மெயிலுக்கெல்லாம் ஆதென்டிகேட்டர் ஆப் போட்டுக்கோ. அது 30 செகண்டுக்கு ஒருதரம் போன்லயே புது நம்பர் காட்டும், சிம்மும் வேணாம், சிக்னலும் வேணாம்.

சித்தப்பா: பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லும்மா. வீட்டை நேர்ல பாத்தியா?

நான்: பாத்தேன் சித்தப்பா. அக்ரிமென்ட் போட்டாச்சு, சாவியும் வாங்கியாச்சு.

சித்தப்பா: நல்லது. பெட்டியைப் பிரிச்சிட்டியா?

நான்: இனிமேதான்.

சித்தப்பா: பிரிக்காதே. முதல்ல காலி வீட்டைப் படம் எடு. சுவர்ல இருக்கிற கீறல், ஜன்னல் கொக்கி, குழாய்க்குக் கீழ ஈரம், தரையில உள்ள கறை, கரன்ட் மீட்டர், தண்ணி மீட்டர், எல்லாத்தையும். கதவைத் திறந்து உள்ள நுழையுறதுல இருந்து ஒரே வீடியோவா வேற எடு. அதை இன்னிக்கே ஓனருக்கு மெயில்ல அனுப்பு. உன் போன்ல சும்மா கிடந்தா பிரயோஜனம் இல்ல. அனுப்பின தேதிதான் சாட்சி.

சித்தப்பா: நான் முதல்முறை வெளிநாட்டுல இருந்தப்ப குளியலறைத் தரையில ஒரு விரிசல். நான் போறதுக்கு முன்னாடியே இருந்தது. ரெண்டு வருஷம் கழிச்சுக் காலி பண்ணும்போது அதைக் காட்டி அட்வான்ஸ்ல பாதிக்கு மேல பிடிச்சிட்டாங்க. என்கிட்ட ஒரு படம் இல்ல. இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது. உனக்கு அது நடக்கக் கூடாது.

நான்: சரி சித்தப்பா, பெட்டியைத் தொடல.

அம்மா: இன்ஹேலர் எத்தனை இருக்கு?

நான்: ரெண்டு இருக்கும்மா.

அக்கா: டப்பா மேல கம்பெனி வச்ச பேர் பெருசா இருக்கும். அதுக்குக் கீழ சின்னதா மருந்தோட பேர் இருக்கும் பாரு. அதைப் படிச்சு சொல்லு.

நான்: சால்புடமால்.

அக்கா: அந்தப் பேரைத்தான் மனப்பாடமா வச்சுக்கணும். கம்பெனி வச்ச பேர் ஊருக்கு ஊர் மாறும். இதே மருந்துக்கு சில நாட்டுல அல்பியூட்டரால்னு பேர். பாராசிட்டமாலும் அப்படித்தான், அசிட்டாமினோஃபென்னா அதேதான். ரெண்டையும் வேற வேற மாத்திரைன்னு நினைச்சு சேத்துப் போட்டுடாதே, ஈரலுக்கு ஆகாது. ரெண்டாவது இன்ஹேலரைத் தொடுறதுக்கு முன்னாடியே அங்க ஒரு டாக்டர்கிட்ட பதிஞ்சு வை. மூச்சு முட்டும்போது தேடக் கூடாதுடி.

அம்மா: இதைக் கேளு கண்ணு. எனக்கு ராத்திரி முழுக்க இதே நினைப்புதான்.

நான்: நாளைக்கே பதியுறேன்மா. நிஜமா.

அத்தான்: அவசர நம்பரை எழுதிக்கோ. 112 பல நாட்டுல வேலை செய்யும். நம்ம நெட்வொர்க் கிடைக்காத இடத்துலயும் பக்கத்துல வேற கம்பெனி சிக்னல் இருந்தா அது வழியாப் போகும். ஆனா அந்த ஊருக்குன்னு தனியா ஆம்புலன்ஸ், போலீஸ் நம்பர் இருந்தா அதுவும் தெரியணும். முக்கியமா உன் வீட்டு விலாசத்தை அவங்க பாஷையில சொல்லப் பழகு. போன் போட்டு எங்க இருக்கோம்னு சொல்லத் தெரியலைன்னா என்ன பண்றது?

நான்: பில்டிங் பேர் வாயிலேயே நுழையல அத்தான்.

அத்தான்: வாசல் செக்யூரிட்டிகிட்ட சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணிக்கோ. பத்து தடவை கேட்டா வந்துடும். அந்த ஊர் எழுத்துல விலாசத்தைப் படமா எடுத்து லாக் ஸ்கிரீன்ல வச்சாலும் சரி. டாக்ஸிக்காரருக்கும் ஆகும்.

சித்தப்பா: பாஸ்போர்ட் காலாவதி எப்பம்மா? 6 மாசத்துக்குக் கீழ போயிட்டா பல நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. வருஷம் தள்ளியிருந்தாலும் குறிச்சு வை. நம்ம தூதரகத்துல பேரைப் பதிஞ்சிடு. டிகிரி சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில், அதான் வெளிநாட்டுல செல்லுறதுக்கான அரசாங்க முத்திரை, வாங்கிட்டியா?

நான்: வாங்கியாச்சு. பர்த் சர்டிபிகேட்டுக்கு வாங்கல.

சித்தப்பா: அதை அங்க இருந்து வாங்க முடியாது, குடுத்த நாட்டுலதான் முத்திரை போடணும். அசல் இங்கதானே இருக்கு, நான் பாத்துக்குறேன்.

அத்தான்: கடையில கார்டு தேய்க்கும்போது மெஷின் ஒண்ணு கேக்கும், உன் நாட்டுப் பணத்துலயா இந்த ஊர்ப் பணத்துலயான்னு. எப்பவும் அந்த ஊர்ப் பணம்னு அமுக்கு. நம்ம பணம்னா அவங்க வச்ச ரேட்டுதான். பெரும்பாலும் நஷ்டம்.

நான்: ஐயோ, நேத்து மெத்தை வாங்கினப்ப நம்ம பணத்தைத்தான் அமுக்கினேன்.

அக்கா: போகட்டும் விடு. குரல் ஏன் ஒரு மாதிரி இருந்துச்சு காலைல?

நான்: ஒண்ணுமில்லக்கா. ஆபீஸ் முடிஞ்சா யார்கிட்டயும் பேச்சே இல்ல. சனி, ஞாயிறு எப்படிப் போகும்னு தெரியல.

அக்கா: எனக்கு முதல் நாலு மாசம் அப்படித்தான் இருந்துச்சு. வீடியோ கால்லயே வாழ்ந்தேன், வெச்சதும் இன்னும் மோசமா இருக்கும். அப்புறம் ஒரு நூலகத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே நேரத்துக்குப் போக ஆரம்பிச்சேன். படிக்கக்கூட இல்ல, சும்மா. அஞ்சாவது வாரம் அங்க இருந்த அம்மா என்னைப் பாத்துத் தலையாட்டினாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், சந்தோஷத்துல. நீயும் ஒரு இடம் பிடி. புதுசு புதுசா சுத்தாதே, ஒரே இடம், ஒரே நேரம். நம்மளைத் தெரிஞ்ச ஒரு முகம் கிடைச்சிடும்.

நான்: தெரு முனையில ஒரு நூலகம் இருக்குக்கா. போறேன்.

அம்மா: அக்கா சொன்னா கேப்ப. எனக்கும் பேசு, ஆனா தினம் ஒரு நேரம் வச்சுக்கலாம். உனக்கு நடுராத்திரியா இருக்கும்போது நான் கூப்பிடுறேன் போல.

நான்: மா, நீங்க எப்ப வேணா கூப்பிடுங்க.

நான்: ஓடிபி வந்துடுச்சு!!

அக்கா: அக்கவுன்ட்ல இருக்கிற பேரும் அக்ரிமென்ட்ல இருக்கிற பேரும் ஒண்ணுதானே? பாத்துட்டு அனுப்பு.

நான்: ஒண்ணுதான். அனுப்பிட்டேன். சித்தப்பா, குளியலறையில இருந்து படம் எடுக்க ஆரம்பிக்கிறேன்.

சித்தப்பா: குழாய்க்குக் கீழயும்.