ஹ்வார் நாடக அரங்க வாசலில் "சமாதானத்தின் இரண்டாம் ஆண்டு" என்று ஏன் எழுதியிருக்கிறது?

கடல்பயணி:
எங்கள் கப்பல் குரோவாசியாவில் ஸ்பிளிட் துறைமுகத்தில் நின்றபோது ஹ்வார் தீவுக்குப் போய் வந்தேன். சதுக்கத்தின் ஓரத்தில் போர்ப்படகுகளைப் பழுது பார்த்த பழைய கட்டடம். அதன் மாடியில் நாடக அரங்கம். வாசலுக்கு மேல் லத்தீனில் "சமாதானத்தின் இரண்டாம் ஆண்டு, 1612" என்று செதுக்கியிருக்கிறது. யாருக்கும் யாருக்கும் சண்டை? உள்ளூர்க்காரர்கள் இன்னும் நடிக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யெல்சா சமையற்காரன்:
இதே தீவில் யெல்சா என்ற ஊரில் ஆறு வருஷமாகச் சமையல் வேலை பார்க்கிறேன். அந்தச் சண்டை ஊருக்குள்ளேயே நடந்தது. தீவு அப்போது வெனிஸின் கையில் இருந்தது. ஊர்ச் சபையில் பிரபுக்களுக்கு மட்டும்தான் இடம். 1510இல் மத்தி இவானிச் தலைமையில் சாமானியர்கள் அதை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். நாலு வருஷத்தில் வெனிஸ் அதை அடக்கிவிட்டது, பகை அடங்கவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துத்தான் இரண்டு தரப்பும் சமாதானம் ஆனார்கள். அந்தச் சமாதானத்தின் சூடு ஆறுவதற்குள், இரண்டாம் ஆண்டிலேயே, ஆளுநர் செமித்தேகோலோ கட்டியது இந்த அரங்கம். பிரபுவும் மீன்பிடிப்பவனும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து நாடகம் பார்க்கலாம். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். (உள்ளே இருக்கும் பார்வையாளர் மாடங்கள் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் வைத்தவை.)

சாமானியர்களுக்கு இங்கே 'புக்' என்று பெயர். உள்ளூர் அமெச்சூர் குழுவின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது: ஹ்வார்ஸ்கோ புச்கோ கசாலிஷ்தே, ஹ்வார் மக்கள் நாடக அரங்கு. புனித லோரன்ஸ் பற்றிய பழைய பக்தி நாடகத்தைத் தீவின் பேச்சிலேயே மேடையேற்றியவர்கள் அவர்கள்.

ஆனால் மேடையோடு இது முடிவதில்லை. எங்கள் சமையலறையில் மீன் செதில் எடுக்கும் பெரியவர் தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கியதும் கத்தியை ஓட்டிக்கொண்டே இயேசுவின் சாவுக்காக மாதா அழும் புலம்பலை முணுமுணுப்பார். 15ஆம் நூற்றாண்டுப் பாட்டு. பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்) இரவு பத்து மணிக்கு ஆறு ஊர்களிலிருந்து ஆறு ஊர்வலங்கள் கிளம்பி, அதைப் பாடிக்கொண்டே 25 கிலோமீட்டர் சுற்றி, விடியலில் அவரவர் கோயிலுக்குத் திரும்பும். முன்னால் போகிறவர் 18 கிலோ சிலுவையைச் சுமப்பார், வெறுங்காலில் அல்லது காலுறையோடு. அந்தப் பேறுக்கு இருபது வருஷம் முன்பே பேர் பதிந்து வைப்பவர்கள் உண்டு. யெல்சாவின் சிலுவை கடைசியாகத்தான் வரும். சுமப்பவர் கடைசி நூறு மீட்டர் ஓடிவந்து பாதிரியாரிடம் ஆசி வாங்குவார். முதல் வருஷம் நான் கோயில் வாசலில் நின்றேன். அவர் காலுறையின் அடிப்பக்கம் கிழிந்து தொங்கியது. சுற்றி யாரும் பேசவில்லை.

பாக்_ரசிகை:
வடக்கே பாக் தீவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹ்வார் கவிஞர் ஹனிபால் லுச்சிச் எழுதிய 'ரோபின்யா' 1556இல், அவர் இறந்தபிறகு அச்சானது. சிறைப்பட்ட பெண்ணை மீட்க அவள் காதலன் வியாபாரி வேஷத்தில் வரும் கதை. அது எப்படியோ பாக் மக்களிடம் போய், கார்னிவல் நாட்களில் ஊர்க்காரர்களே நடிக்கும் நாடகமாகிவிட்டது.

கடல்பயணி:
நன்றி. அடுத்த வருஷம் விடுப்பில் வந்தால் அந்த ஊர்வல இரவைப் பார்க்க முடியுமா?

யெல்சா சமையற்காரன்:
தாராளமாக. ஸ்பிளிட்டிலிருந்து ஸ்தாரி கிராத் வரை பெர்ரி, சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து யெல்சா பக்கம்தான். பாட்டு நடக்கும்போது போனை எடுக்காதீர்கள். அப்புறம் நல்ல செருப்பு போட்டு வாருங்கள், பாதை முழுக்கக் கல்.