மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன்: அவர் படங்களில் மனசை விட்டுப் போகாத ஒரே ஒரு ஷாட் எது?

தரை டிக்கெட்:
அந்தச் சுவர்தான், வேறென்ன! 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', 1928, சாக்ரமெண்டோவில் எடுத்தது. புயலில் வீட்டின் முகப்பு அப்படியே அவர் மேல் சாய்கிறது. மாடி சன்னல் திறப்பு அவரைச் சுற்றி இறங்குகிறது. சுவர் சுமார் 2 டன். திறப்பின் ஓரத்துக்கும் அவர் உடம்புக்கும் நடுவே மிஞ்சிய இடைவெளி ஏறக்குறைய 2 அங்குலம். குதிகாலுக்கு அடையாளமாகத் தரையில் ஓர் ஆணி. லேசான தட்டி போதாதா என்றால், போதாது. காற்று எந்திரங்கள் ஓடும்போது தட்டி முறுக்கிக்கொள்ளும், ஒரு ஓரம் முந்தி விழும், திறப்பு நகர்ந்துவிடும். கனம்தான் பாதுகாப்பு. இந்த ஆளிடம் ட்ரிக்கே கிடையாது.

டென்ட் கொட்டகை:
ட்ரிக் கிடையாதா? 'தி ப்ளேஹவுஸ்' (1921) பாருங்கள். மேடையில் ஒன்பது கீட்டன் வரிசையாக ஒரே ஷாட்டில் தோன்றுகிறார்கள். லென்ஸுக்கு முன்னால் ஒளி புகாத பெட்டி, அதில் ஒன்பது மூடிகள். ஒன்றை மட்டும் திறந்து எடுப்பது, மூடுவது, பிலிமைத் திருப்பிச் சுற்றுவது, அடுத்ததைத் திறப்பது. எட்டு தடவை திருப்ப வேண்டும். கேமராவோ கையால் சுற்றுவது. கேமராமேன் எல்ஜின் லெஸ்லி ஒரு தடவை வேகம் பிசகினாலும் ஒன்பது பேரின் அசைவும் ஒத்துப்போகாது, மொத்தமும் குப்பை. சுவர் விழுந்தது ஒரு நொடி. இது அதைவிடக் கஷ்டம் என்பேன்.

அரை டிக்கெட்:
'ஷெர்லாக் ஜூனியர்' (1924), ரயில்வே தண்ணீர்த் தொட்டி. குழாயின் கயிற்றைப் பிடித்துத் தொங்கி இறங்குகிறார், குழாய் வாய் திறந்து தண்ணீர் கொட்டுகிறது. நீராவி இன்ஜினை நிரப்பும் குழாய் அது, வீட்டுக் குழாய் இல்லை. அடித்த வேகத்தில் பின்கழுத்து தண்டவாளத்தில் மோதியது. எழுந்து ஓடுகிறாரே, அதுவும் படத்தில் இருக்கிறது. கழுத்தெலும்பு உடைந்தது தெரிந்ததே பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான்.

ரீல் பெட்டி:
'த்ரீ ஏஜஸ்' (1923) மாடித் தாவல். தவறி விழுந்தார், கீழே வலை. தவறிய ஷாட்டையே வைத்துக்கொண்டு, சன்னல் பந்தல்களைக் கிழித்து விழுவதை ஒட்டி எடுத்து கதையாக்கினார்.
எல்லாரும் முதலில் வேகத்தைச் சரிசெய்து பாருங்கள். மௌனப் படத்தில் நொடிக்கு இத்தனை பிரேம் என்று நிலையான கணக்கு இல்லை. 16 முதல் 24 வரை எதுவும் இருக்கலாம். 18-ல் சுற்றியதை 24-ல் ஓட்டினால் விழுவது எலி ஓடுவதுபோல் ஆகிவிடும். இணையத்தில் அப்படி இருந்தால் ஓட்டும் வேகத்தை 0.75 வையுங்கள், 24 என்பது 18 ஆகும். சோதிக்க, சாதாரணமாக நடப்பவரைப் பாருங்கள். துரத்தல் காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அங்கே வேகமாகத் தெரியட்டும் என்று கேமராவை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள். சீரமைத்த பிரதியில் வேகம் பெரும்பாலும் ஏற்கெனவே சரியாக இருக்கும். அதை மறுபடி குறைத்தால் நகைச்சுவையே செத்துவிடும். பின்னணி இசை பிடிக்காவிட்டால் ஊமையாக்கிவிடுங்கள், அது பிற்பாடு சேர்த்ததுதான்.

தரை டிக்கெட்:
வேகம் யாரும் கேட்கவில்லையே, ரீல் பெட்டி அண்ணே! கொட்டகை சொன்னது சரி, ட்ரிக்கே 'கிடையாது' என்று நான் சொன்னது தப்பு. ஆனால் சுவர் ஷாட்டை 0.75-ல் போடாதீர்கள். மிதந்து இறங்குகிறது; 2 டன் அப்படி விழாது.