புதுப்பிப்பு: உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகளுடன் ஆறு வாரம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருக்கும் நான், மதியமும் இரவும் 350 கலோரி உறைந்த உணவையே சாப்பிட்டுத் தாக்குப்பிடிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரவில் முடிகிறது, மதியத்தில் முடியவில்லை. நான்கு மணிக்கெல்லாம் வயிறு கூப்பாடு போட, கால்கள் தாமாக மாமாக் கடைக்கு (இங்குள்ள இந்திய முஸ்லிம் உணவுக்கடை) போய்விடுகின்றன. ஒரு ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), ஒரு தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்). மிச்சம்பிடித்த கலோரி அத்தனையும் காலி!

இப்போது பெட்டியோடு ஓர் அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி பட்டாணியும் சேர்க்கிறேன். பசி அடங்குகிறது.

முன்பு கேட்டபோது உப்பைப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு நன்றி. என் பெட்டி ஒன்றில் சோடியம் 820 மில்லிகிராம். இரண்டுக்கு 1640, உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாள் வரம்போ 2000. ஊறுகாய்க்கு விடை கொடுத்தாயிற்று.

மைக்ரோவேவிலிருந்து பாதியில் எடுத்துக் கிளறுங்கள். இல்லையென்றால் ஓரம் கொதிக்கும், நடுவில் பனிக்கட்டி நறநறக்கும்.